கழித்தது போக

குழித்துறை கோர்ட்டில் மின்விசிறி
ஒரே வேகத்தில்தான் சுற்றும்.
கம்பெனி வக்கீல் என் வலது கையைப் பார்க்காமலே
கேட்கத் தொடங்கினார்.

விபத்துப் பாலிசியில் எவ்வளவு வந்தது?
எழுபதாயிரம்.
ஈ.எஸ்.ஐ.யில்?
தொண்ணூற்றொரு நாளைக்கு, சம்பளத்தில் எழுபது சதம்.
சபையில் பிரித்துக் கொடுத்தார்களாமே?
கொடுத்தார்கள். ஆறாயிரத்து இருநூறு.
அதில் ஒரு ஐம்பது கிழிசல், இன்னும் மாறவில்லை.

"ஆக, மனுதாரரின் நஷ்டம் பெரும்பகுதி
ஏற்கெனவே தீர்ந்துவிட்டது" என்றார்
மேஜைக்கு மேலே பார்த்து.

களியக்காவிளை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
அண்டியாபீஸ் வண்டிக்கு நின்றிருந்தேன்.
பாறைப்பொடி ஏற்றிய டாரஸ் பின்னால் எடுத்தது.
முதலில் நசுங்கியது கையிலிருந்த தூக்குவாளி.
அந்தச் சத்தம்தான் நினைவிருக்கிறது.
மூன்று விரல் திருவனந்தபுரத்தில் கழிந்தது.
கழித்தல் அன்றைக்கே தொடங்கியாயிற்று,
இவர் இன்றுதான் வந்து சேர்கிறார்.

இருபத்திரண்டு வருஷம் தோடு உடைத்த கை.
அண்டியெண்ணெய் பட்டுப் பட்டு ரேகை தேய்ந்து
ரேஷன்கடை மெஷின் என்னைப் பார்த்து
நீ லில்லிபுஷ்பம் இல்லை என்று பலமுறை சொல்லியிருக்கிறது.
அந்தக் கைதான்
மாதம் நூற்றுப்பன்னிரண்டு வீதம்
பதினோரு வருஷம் பாலிசி கட்டியது.
சாளை வாங்காத செவ்வாய்க்கிழமைகள் அவை.
லாரி முதலாளிக்காகவா நான் மீன் தின்னாமல் இருந்தேன்?

எங்கள் வக்கீல் ஜெபசிங் எழுந்தார்.
"இவர் சொந்தக் குடை பிடித்திருந்தார் என்பதற்காக
பெய்த மழையைக் குறைத்து எழுத முடியாது."
"மழைக்கு ரசீது வைத்திருக்கிறீர்களா?" என்றார் நீதிபதி.
யாரோ சிரித்தார்கள். ஜெபசிங் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அந்தக் கேள்வி.
பணிவிடைச் செலவு என்று நாற்பத்தைந்து நாளுக்குக் கேட்கிறீர்கள்.
பார்த்தது யார்?
பக்கத்து வீட்டுத் தெரசாள்.
அவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?
ஒன்றும் கொடுக்கவில்லை.
அப்படியானால் செலவே இல்லையே.

டைப்படிக்கும் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

காலையில் கஞ்சியும் பயறும்.
தலையில் எண்ணெய் வைத்துப் பின்னியது.
புடவைக் கொசுவம் செருகியது.
கக்கூசுக்குக் கூட்டிப்போய் விட்டு,
நான் கூச்சப்படக் கூடாதென்று
வெளியே நின்று தன் மருமகளைச் சத்தமாகத் திட்டியது.
இதெல்லாம் அவள் எனக்குத் தந்தது.
லாரிக்குத் தந்ததில்லை.
கம்பெனிக்குத் தந்ததுமில்லை.

இவ்வளவும் நாக்கில் வரிசைப்படவில்லை.
"அவ பைசா வாங்கமாட்டா, சார்" என்றேன்.
அதைத் தனக்குச் சாதகமாகக் குறித்துக்கொண்டார்.

தீர்ப்பு பங்குனியில் வந்தது.
பாலிசியைக் கழிக்கவில்லை, சபைப் பணத்தையும் தொடவில்லை.
ஈ.எஸ்.ஐ. பணம் மட்டும் கழிந்தது.
அது மட்டும் ஏன் என்று கேட்டேன்.
ஜெபசிங் மூன்று வாக்கியம் சொன்னார். இரண்டு புரிந்தது.
பணிவிடைக்குக் கேட்டதில் பாதி.
பஸ்ஸில் முழுக்க அதையே யோசித்தேன்:
எந்தப் பாதி? கஞ்சியா, பின்னலா?

அவளுடைய தூக்குச்சட்டி
என் அடுக்களையில் கவிழ்ந்து கிடக்கிறது, ஒரு வருஷமாக.
வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை.

சந்தையில் இறங்கி
இடது கையால் சாளை பொறுக்கினேன்.
தராசில் நிறுத்துவிட்டு மீன்காரன் கத்தியை எடுத்தான்.
"தலையைக் கழிக்கவா, அக்கா?"

வேண்டாம்.
முழுசாப் போடு.